கருப்புச் சுவருக்கு நாலு மணி வரை வாய்தா

மணி பன்னிரண்டு ஐந்து. சுவர் காய்கிறது. சுவர் காய்வதை உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்று யாராவது கேட்கலாம். வேலைதான், என்னைக் காவலுக்குத்தானே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெயின்டர் தேவசகாயம் போகும்போது சொன்னது: "நாலு மணி நேரம் தொட்டுராதிய அண்ணாச்சி. நாலு மணிக்கு வந்து ரெண்டாவது கோட்டு ஓட்டிருதேன்." என் மனைவி உலகம்மை, கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தியின் மகள் வளைகாப்புக்குப் புறப்பட்டு, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னது: "நாலு மணிக்குள்ள சொல்லிருங்க. சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம். வேண்டாம்னா அவரு மேல வெள்ளைய அடிச்சிருவாரு. ஆனா உங்க வாயால சொல்லணும். இதுக்கு மேல வாய்தா கிடையாது." யாரைப் பார்த்து? முப்பத்தொரு வருஷமாக ஜில்லா கோர்ட்டில் வாய்தா வாங்கியே தலை நரைத்த பாளையங்கோட்டை வக்கீல் பிரமநாயகத்தைப் பார்த்து. எனக்கு வாய்தா மறுத்த நீதிபதிகள் மொத்தமே மூன்று பேர்தான், அதில் இரண்டு பேர் பிறகு மாற்றலாகிப் போய்விட்டார்கள். உலகம்மை மாற்றலாகிப் போகமாட்டாள். போக ஒரு தடவை வந்த உத்தரவும்... சரி, அது எதற்கு இப்போது. சுவரைப் பார்ப்போம். பத்தடி உயரம், பன்னிரண்டடி அகலம், ஒரு பூச்சு கருப்பு. அங்கங்கே பழைய ரோஸ் எட்டிப் பார்க்கிறது. ஃபேன் சுற்றுகிறது. பெயின்ட் வாடை மூக்கின் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. தும்மினால் சுவருக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டு வைத்திருக்கலாம்.

என் நாற்காலியை ஹாலின் நட்டநடுவில் போட்டிருக்கிறார்கள். நடுவில் உட்கார்ந்தால் சாய எதுவும் இல்லை என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. தலை தானாகப் பின்னால் போகிறது, அங்கே ஒன்றுமில்லை, திரும்ப வருகிறது. ஐந்து நிமிடத்தில் ஏழு தடவை போய்விட்டு வந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் இதே நாற்காலி, இதே சுவர், இதே இடம். கட்சிக்காரர்களின் வழக்குக் கட்டுகளை அங்கே உட்கார்ந்துதான் படிப்பேன். படிப்பேன் என்றால் கட்டு மடியில் இருக்கும், தலை சுவரில் இருக்கும், கண் மூடியிருக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வாரத்தில் ஏழு நாளும் உண்டு. அது எங்கள் அப்பா வைத்த பழக்கம், எண்ணெய் வைக்காத தலையை அவர் தலையாகவே கணக்கில் எடுக்கமாட்டார். அப்படியாக அந்தச் சுவரில், தரையிலிருந்து சுமார் நாலேகால் அடி உயரத்தில், ஒரு தட்டு அளவுக்கு என் தலை பதிந்துவிட்டது. முதலில் சுவர் பச்சை. பிறகு கிரீம். பிறகு மூன்று வருஷத்துக்கு முன்னால் ரோஸ். ஒவ்வொரு தடவையும் தேவசகாயம் சுரண்டி, பட்டி வைத்து, தேய்த்து, மேலே அடித்துவிட்டுப் போவார். பதினைந்தாம் நாள் நான் மெல்ல வெளியே வந்துவிடுவேன். வீடு உலகம்மை பேரில் இருக்கிறது, அவள் சம்பளத்தில் கட்டியது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? ஒரு இடத்தை பன்னிரண்டு வருஷத்துக்குக் குறையாமல், வெளிப்படையாக, உடைமைக்காரர் கண்ணெதிரிலேயே, அவர் விருப்பத்துக்கு விரோதமாக அனுபவித்து வந்தால் அது அனுபவித்தவனுக்கே பாத்தியம். இதை ஒருநாள் அவளிடம் விளக்கமாகச் சொன்னேன். அவள் மோர்க்குழம்பைக் கிண்டிக்கொண்டே, "அப்ப அந்தத் தட்டு அளவு இடத்தை மட்டும் பேத்துக்கிட்டுப் போங்க" என்றாள். அன்றோடு அந்த வழக்கு தள்ளுபடி.

கருப்பு எப்படி உள்ளே வந்தது என்றால், அதுவும் என் தலை வழியாகத்தான் வந்தது. போன மாதம் தேவசகாயம் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எண்ணெ உள்ள எறங்கிட்டு டீச்சர். எந்தக் கலர் அடிச்சாலும் அண்ணாச்சி வெளிய வந்துருவாவ. கருப்பு அடிச்சாத்தான் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கணக்கு டீச்சர் அல்லவா, யார் விடை சொன்னாலும் சரிபார்க்காமல் விடமாட்டாள். மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து கலர் அட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதில் பதினாலு கருப்பு இருந்தது. ஆண்டவன் படைத்த கருப்பு ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு ஐம்பத்தேழு வயது வரை வந்திருக்கிறேன். ஒன்றுக்குப் பேர் மிட்நைட் வெல்வெட், ஒன்றுக்கு வெட் ஸ்லேட், ஒன்றுக்கு பிளாக் பெப்பர். அவள் அதில் ஆறைத் தேர்ந்தெடுத்து, சின்ன டப்பாக்களில் வாங்கி, ஆறு சார்ட் பேப்பரில் அடித்து, சுவரில் வரிசையாக ஒட்டினாள். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, டியூப்லைட் போட்டு ஒரு தடவை என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். காலையில் நீலமாக இருந்தது மத்தியானம் காப்பிப்பொடி ஆயிற்று, விளக்கு வைத்ததும் கத்தரிக்காய் ஆயிற்று. "எது உங்களுக்குப் புடிச்சிருக்கு?" என்று கேட்டாள். நான் "எல்லாத்துலயும் ஒரு இது இருக்கு" என்றேன். "எது?" "பாப்போம்." அப்படியே இரண்டு வாரம் ஓட்டினேன். பிறகு, இன்னும் இரண்டு வாரம் ஓட்டலாம் என்ற எண்ணத்தில், ஒரு யோசனை சொன்னேன். கருப்பு என்றால் எங்கள் கோர்ட்டு கோட்டுதான் கருப்பு, சட்டமே ஒத்துக்கொண்ட கருப்பு, அதையே மாதிரிக்குக் கொடுப்போம் என்றேன். அவளும் விடாமல் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள். அங்கே ஒரு பெண் கையில் சின்ன மெஷின் வைத்திருந்தது. துணியில் வைத்து அமுக்கினால் என்ன கலர் என்று கம்ப்யூட்டரில் வந்துவிடுமாம். கோட்டின் தோளில் வைத்து அமுக்கியது. முதுகில் அமுக்கியது. கைமடிப்பில் அமுக்கியது. பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் வருத்தமாகவே, "சார், இது கருப்பு இல்ல சார். பாசிப்பச்சை கலந்த பிரவுன்னு வருது" என்றது. கடையில் ஆறு பேர் நின்றார்கள். அதில் ஒருவர் என் எதிர்க்கட்சி வக்கீலின் மைத்துனர். உலகம்மை கோட்டைத் திரும்ப மடித்து வைத்துவிட்டு, "அப்ப பிளாக் பெப்பர் நாலு லிட்டர் கலந்துருங்கம்மா" என்றாள்.

மிளகு என்று தமிழில் சொன்னால் ரசம் ஞாபகம் வருகிறது, பயம் கொஞ்சம் குறைகிறது. ஆனால் பயம் இருக்கத்தான் செய்கிறது, இல்லை என்று சத்தியப் பிரமாணம் செய்ய முடியாது. எதற்குப் பயம்? தனித்தனியாகப் பார்த்தால் கருப்பில் பயப்பட என்ன இருக்கிறது. தொட்டில் பிள்ளைக்குக் கன்னத்தில் கருப்புப் பொட்டு வைக்கிறோம். கணுக்காலில் கருப்புக் கயிறு கட்டுகிறோம். கார்த்திகை பிறந்தால் தெருவில் பாதிப் பேர் மாலை போட்டுக் கருப்பு வேட்டியில் நடக்கிறார்கள். சாமியே இல்லை என்பவரும் கருப்புச் சட்டையில்தான் வருகிறார். எங்கள் தெருவில் ஒரு கார்த்திகை மாதம் இரண்டு பேரும் எதிரெதிரே வந்து, டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, யார் எந்தக் கட்சி என்று தெரியாமல் டீக்கடைக்காரர் இரண்டு பேருக்கும் "சாமி, சக்கரை போடவா?" என்று கேட்டார். ஆகவே கருப்பு எல்லோருக்கும் பொது. ஆனால் எல்லாம் ஒரு அளவில் இருக்கிறது. கன்னத்தில் ஒரு பொட்டு என்றால் கண்ணேறு கழியும். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்றால் திருநெல்வேலி ஜில்லா கண்ணேறு முழுவதும் நம் வீட்டுக்கே கழிய வந்துவிடாதா? அறை சின்னதாகிவிடும் என்கிறார்கள். தேவசகாயம் இல்லை என்கிறார். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் ஒன்றே ஒன்றுதான், மற்ற மூன்றும் கூரையும் வெள்ளைதான், அதனால் கருப்புச் சுவர் பின்னால் நகர்ந்த மாதிரி தெரியுமே தவிர நெருக்காது என்கிறார். சுவர் பின்னால் நகர்ந்தால் அங்கே பக்கத்து வீட்டு சுந்தரவடிவேலின் சமையலறை இருக்கிறது. வெயில் இழுக்குமா? அது வெளிச்சுவருக்குத்தான் என்கிறார். தூசி தெரியும், அது மட்டும் உண்மை என்கிறார். பல்லி? நான் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். கூரையோரம் ஒன்று இருக்கிறது. வெள்ளைக் கூரையிலிருந்து இறங்கி வந்து, கருப்பு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிடமாக நிற்கிறது. போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. நீயாவது ஒரு சத்தம் கொடு, அதையே தீர்ப்பாக வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். அது திரும்பி டியூப்லைட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

மணி ஒன்று நாற்பது. தயிர்சாதம் சாப்பிட்டாகிவிட்டது, சுவரில் சாயாமல் சாப்பிட்டதில் முதுகு வலிக்கிறது. "பாப்போம்." இந்த வார்த்தை எனக்கு எவ்வளவு செய்திருக்கிறது. மகன் பெங்களூரில் வேலைக்குப் போகட்டுமா என்றான், பாப்போம் என்றேன், அவன் போய் ஆறு வருஷமாகிறது. ஃபிரிட்ஜ் மாற்றலாமா என்றாள், பாப்போம் என்றேன், ஃபிரிட்ஜே ஒருநாள் முடிவு செய்துகொண்டு நின்றுவிட்டது. கேட்கிறவருக்கு இல்லை என்று சொல்லவில்லை, ஆம் என்றும் சொல்லவில்லை, ஆகவே தப்பு நம் பேரில் இல்லை. நாள் தள்ளிப்போனால் பாதி வழக்குகள் தானே செத்துப்போகும். கட்சிக்காரர் செத்துப்போனால் வாரிசு வரும், வாரிசுக்கு நோட்டீஸ் போக ஒரு வருஷம். இதெல்லாம் கோர்ட்டில் திறமை. வீட்டில் அது என்ன என்று நான் யோசிக்காமல் இருந்ததே... யோசிக்காமல் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குத் தலைமையாசிரியை பதவி உயர்வு வந்தது. சங்கரன்கோயில் பக்கம் ஒரு பெண்கள் பள்ளி. பதினைந்து நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். தினமும் போய் வர முடியாது, அங்கே ஒரு அறை எடுக்க வேண்டும், சனி ஞாயிறு வரலாம். உத்தரவைக் கொண்டுவந்து இதே நாற்காலிக்கு எதிரில் நின்றாள். முகம் சிவந்திருந்தது, நல்லவிதமாகச் சிவந்திருந்தது. "போகட்டுமா?" என்றாள். பாப்போம் என்றேன். மூன்றாம் நாள் கேட்டாள், பாப்போம். எட்டாம் நாள் கேட்டாள், மகனுக்குப் பரீட்சை வருகிறது, பாப்போம். பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பதினாறாம் நாள் காலையில் வழக்கம்போல அதே பள்ளிக்கு, அதே டிபன் பாக்ஸோடு, அதே பஸ்ஸில் போனாள். நான் அவளைத் தடுக்கவில்லை. அதுதான் என் வாதம், பதினோரு வருஷமாக எனக்குள்ளே நானே எழுந்து நின்று சொல்லிக்கொள்கிற வாதம், நான் தடுக்கவே இல்லையே. அதற்கு எந்த நீதிபதியும் இன்னும் தலையாட்டவில்லை. அவளுக்குப் பிறகு வந்த ஜூனியர் இப்போது மாவட்டக் கல்வி அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் இருக்கிறாள், வளைகாப்புகளில் பார்த்தால் "அக்கா" என்று கையைப் பிடித்துக்கொள்கிறாள். அதற்கப்புறம் உலகம்மை என்னிடம் எதையும் இது வேண்டும் என்று கேட்டதில்லை. இந்தச் சுவர் வரைக்கும்.

எழுந்து நடந்தேன். நடக்க இடமில்லை, சோபாவுக்கும் ஷோகேஸுக்கும் செய்தித்தாள் போர்த்தியிருக்கிறது. டப்பாவைக் குனிந்து பார்த்தேன். மூடியை தேவசகாயம் சுத்தியலால் தட்டி இறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். எந்தக் காகிதமானாலும் அடியில் இருக்கும் பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பேன், தொழில்தோஷம். மேட் ஃபினிஷ் என்று போட்டிருந்தது. பளபளப்பு இல்லாதது. பளபளப்பு உள்ளதை அடித்தால் கொத்தனார் செய்த மேடு பள்ளமெல்லாம் காட்டிக்கொடுக்கும், அதனால் மேட்தான் நல்லது என்று கடையில் அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. அதற்குக் கீழே பொடியாக: அழுத்தமான நிறங்களில் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் தனியாகத் தெரியும், எண்ணெய்க் கை படாமல் பார்த்துக்கொள்ளவும். இரண்டு தடவை படித்தேன். எண்ணெய் பட்டால் தெரியும். தெரியாது என்பதற்காகத்தானே கருப்பு? இது உலகம்மைக்குத் தெரியாதா? அவளா படிக்காமல் வாங்குவாள்? மிக்ஸி வாங்கினால் உத்தரவாதக் காகிதத்தை அடிக்கோடு போட்டுப் படிக்கிறவள். தெரிந்தேதான் வாங்கியிருக்கிறாள். அப்படியானால் இந்தக் கருப்பு என் தலைக்காக இல்லை. ஒரு மாதமாக என் தலைக்காக என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் குற்றவுணர்ச்சியும் கொஞ்சம் பெருமையுமாக இருந்திருக்கிறேன். பின்னே எதற்கு? ஒருநாள் கேட்டேன்தான், கருப்பு எதற்கு, காரணம் என்ன என்று. "எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள். "அது சரி, காரணம்?" என்றேன். "புடிச்சிருக்குங்கதுதான் காரணம்" என்றாள். நான் அது காரணமில்லை என்று ஒதுக்கிவிட்டேன், குறிப்பில்கூட ஏற்றவில்லை. ஐம்பத்து நாலு வயதில் ஒருத்திக்கு ஒன்று சும்மா பிடித்திருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. டப்பாவின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போதுதான் போன் அடித்தது.

அம்பாசமுத்திரத்திலிருந்து பெரியக்கா. "என்ன தம்பி, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கியளாமே?" "ஹால்ல ஒரு சொவரு மட்டும்க்கா." "என்ன கலரு?" "கொஞ்சம் அழுத்தமான கலரு." "மெரூனா?" "மெரூன விடக் கொஞ்சம் அழுத்தம்." "நீலமா?" "நீலத்தையும் தாண்டி." "பெறவு என்னல, கருப்பா?" "அந்தப் பக்கம்னு வச்சுக்கிடுங்களேன்." "யாருல சொன்னா?" "உலகுக்கு ஒரு ஆசை. நான் இன்னும் முடிவு சொல்லல." "நீ எதுக்குத்தாம்ல முடிவு சொல்லிருக்க" என்றாள் அக்கா, பிறகு ஊர்க் கதைக்குப் போய்விட்டாள். பெரிய தெருவில் யாருக்கோ பித்தப்பையில் கல், யாரோ பசுவை விற்றுவிட்டார்கள். நான் ம் கொட்டிக்கொண்டே இருந்தேன். மனசு இங்கே இல்லை. உலகுக்கு ஒரு ஆசை என்று எவ்வளவு சுலபமாக அவள் தலையில் போட்டுவிட்டேன், அக்கா நாளைக்குப் போன் பண்ணி அவளைத்தான் பிடிபிடியென்று பிடிப்பாள், நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். இதையே நினைத்துக்கொண்டு நின்றதில் தலைக்குப் பின்னால் குளுகுளு என்று இருந்தது. சுகமாக இருந்தது. முதுகு வலிகூடக் குறைந்தது. அக்கா போனை வைத்தபிறகுதான் அது ஏன் சுகமாக இருக்கிறது என்று தோன்றியது. மெதுவாகத் தலையை எடுத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. சில விஷயங்களைத் திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். பார்த்தேன். நின்றபடி சாய்ந்ததால் இந்தத் தடவை ஐந்தரை அடி உயரத்தில், பளபளவென்று, வட்டமாக, டப்பாவில் எழுதியிருந்தபடியே தனியாகத் தெரிந்தது. எண்ணெயை எடுக்க பவுடர் நல்லது என்று எங்கேயோ கேட்டிருக்கிறேன். முகப்பவுடரைக் கொண்டுவந்து பூசினேன். கருப்புச் சுவரில் முழுநிலா உதித்தது. வேட்டி நுனியால் துடைத்தேன், நிலா பெரிதாயிற்று. ஈரத்துணியால் துடைத்தேன், நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியது. டப்பாவைத் திறந்து நாமே கொஞ்சம் தொட்டு வைத்துவிடலாம் என்று கரண்டிக் காம்பால் நெம்பினேன், காம்பு வளைந்தது, மூடி அசையவில்லை. கரண்டியை நிமிர்த்தி வைக்கவே பத்து நிமிடமாயிற்று. தடயத்தை அழிக்கப் போய் இன்னும் நாலு தடயத்தை உண்டாக்கிக்கொண்டு என்னிடம் வந்து நின்ற கட்சிக்காரர்களை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். மணி மூன்று ஐம்பது.

என்ன சொல்வது? நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்து ஒத்திகை பார்த்தேன். "சரி" என்று சொன்னால் என்ன? கேட்க நன்றாக இருக்கிறது. அவளுக்கும் சந்தோஷம், எனக்கும் பழைய பாக்கி கொஞ்சம் தீர்ந்த மாதிரி. ஆனால் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நீதிபதிக்கு முன்னால் "தங்கள் உத்தரவு" என்று குனிகிற முகம் எது என்று அவளுக்குத் தெரியும். "வேண்டாம்" என்று சொன்னால்? அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள், தேவசகாயம் வெள்ளை அடிப்பார், இன்னொரு பதினோரு வருஷம் அவள் எதையும் கேட்கமாட்டாள். அத்தனை வருஷம் நமக்கு இருக்கிறதா என்பதே தெரியாது. சரி, இதெல்லாம் கிடக்கட்டும், உனக்குப் பிடித்திருக்கிறதா பிரமநாயகம் என்று கேட்டுக்கொண்டேன். இதை யாரும் இதுவரை கேட்காத மாதிரி புதிதாக இருந்தது. அவள் ஒரு மாதமாகக் கேட்டது இதைத்தான். எழுந்துபோய் வாசல் நிலையில் நின்று பார்த்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். நிலாவை மறந்துவிட்டுப் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. பயமில்லை, கண்ணேறு இல்லை, அக்கா இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான், காரணம் ஒன்றும் இல்லை. இப்படி ஒரு அபிப்பிராயம் எனக்குள் முழுசாக இருந்ததைக் கண்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போது கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

முன்னால் உலகம்மை, தலையில் மல்லிகைப்பூ, இரண்டு கையிலும் வளைகாப்பு வீட்டுக் கண்ணாடி வளையல். பின்னால் தேவசகாயம், ரோலரோடு. இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். "திரும்புங்க" என்றாள். திரும்பினேன். "தலையில கருப்பு, சொவத்துல வெள்ளை" என்றாள் அவள். தேவசகாயம் கிட்டப் போய் நிலாவை மோந்து பார்த்துவிட்டு, "தொடாதியன்னு சொன்னது கைய மட்டும்னு நெனச்சிட்டியளா அண்ணாச்சி? இதுல பவுடர் வேற வாசம் அடிக்கு" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள், வளையல் மட்டும் குலுங்கியது. "அது கெடக்கட்டும். மணி நாலாச்சு. என்ன சொல்லுதிய?" என்றாள். நாக்கு நேராகப் பழைய இடத்துக்குப் போயிற்று. பா என்ற எழுத்துக்கு உதடு சேர்ந்தேவிட்டது. பிரித்தேன். "புடிக்கல" என்றேன். "என்னது?" "எனக்குப் புடிக்கல உலகு. கருப்பு எனக்குப் புடிக்கல. ஹால்ல ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு." முதல் வழக்கில் எழுந்து நின்றபோதுகூட இவ்வளவு நேராகப் பேசியதில்லை. அவள் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நிறுத்தியிருக்கலாம், என்னால் முடியவில்லை, திறந்த வாய் திறந்தே இருந்தது. "அன்னைக்கு அந்தச் சங்கரன்கோயில் ஆர்டரு. நீ போயிருக்கணும். போன்னு நான் சொல்லிருக்கணும். இல்ல, நீ போனா எனக்குத் தனியா இருக்க முடியாதுன்னாவது சொல்லிருக்கணும். ரெண்டையும் சொல்லாம உக்காந்திருந்துட்டேன்." தேவசகாயம் ரோலரைத் தூக்கிக்கொண்டு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஃபேனைப் பார்த்தார். அவள் கையிலிருந்த வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளி, கீழே இறக்கி, மேலே தள்ளினாள். கண்ணோரம் நனைந்திருந்தது. "பதினோரு வருஷம் ஆச்சு, என்ன, இதைச் சொல்லுததுக்கு" என்றாள். "ஆச்சு" என்றேன். சேலை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "தேவசகாயம், டப்பாவத் தொறங்க" என்றாள். "வெள்ளையா டீச்சர்?" "கருப்புத்தான். ரெண்டாவது கோட்டு." அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "அண்ணாச்சி புடிக்கலன்னு இப்பந்தானே சொன்னாவ டீச்சர்? நான் யாரு சொல்லக் கேக்க?" அவள் என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை நான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் பார்த்திருக்கிறேன், நல்லவிதமாகச் சிவந்திருந்தது.

"எனக்குப் புடிச்சிருக்கு தேவசகாயம். அவுக வேண்டாம்னு சொல்லல, புடிக்கலன்னு வாயத் தொறந்து சொல்லிட்டாவ, நானும் கேட்டுக்கிட்டேன். நீங்க அடிங்க."